போர் விளையாட்டுப் பெட்டிகள்: மதிப்பு எதில்?

பழைய போர்களை அட்டை வரைபடத்தில் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளைச் சேர்ப்பவர்களில் பலர், பிரிக்காத பெட்டிக்கே மதிப்பு என்பார்கள். சந்தையில் அது உண்மைதான். மறுபதிப்பு வந்தால் அந்த விலை சரியலாம். சரியாத மதிப்பு, ஒரு பெட்டி இன்னொன்றோடு முரண்படுவதில் இருக்கிறது. அவலான் ஹில் நிறுவனம் 1958இல் வெளியிட்ட, அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய 'கெட்டிஸ்பர்க்' படை நகர்வைக் கணக்கிட்டது. மார்க் ஹெர்மன் வடிவமைத்த 'வி த பீப்பிள்' (1993) அமெரிக்க விடுதலைப் போரைச் சீட்டுகளால் நடத்தி, அரசியலையும் களத்தில் இறக்கியது. இரண்டும் அருகருகே இருந்தால்தான் எது போரைத் தீர்மானிக்கிறது என்ற கேள்வியே எழும்.

இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கக் களத்தைக் காட்டும் 'த கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்ரிக்கா' (1979) விளையாட்டை ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகுமாம். அதை யார் ஆடுவது? ஆட வேண்டாம், படிக்கலாம். இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கக்கூடத் தண்ணீர் ஒதுக்கச் சொல்லும் (கொஞ்சம் குறும்புதான்) அதன் விதிகள், பாலைவனப் போரைத் தீர்மானித்தது பொருள் வழங்கல்தான் என்பதை விளக்கிவிடும். ஆகவே, சேகரிப்பைக் குறைக்க நேர்ந்தால், ஒரே போரை ஒரே மாதிரி சொல்லும் பெட்டிகளைத்தான் முதலில் விற்க வேண்டும்.