செப்டம்பர் முதல் தேதிக்கு முன்பே கேளுங்கள்

இங்கிலாந்தில் எல்எல்பி சேரும் இரண்டு பேர் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்பார்கள். ஒருவர் கட்டுவது ‘ஹோம்’ கட்டணம், மற்றவர் கட்டுவது ‘ஓவர்சீஸ்’ கட்டணம். ஹோம் மாணவரிடம் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 9,535 பவுண்டுதான் வாங்கலாம். ஓவர்சீஸ் கட்டணத்துக்கு அப்படியொரு வரம்பே கிடையாது. அதை ஆண்டுக்கு 25,000 என்று வைத்துக்கொண்டால்கூட, மூன்றாண்டுப் படிப்பில் வித்தியாசம் 46,000 பவுண்டைத் தாண்டும். ஊரில் வீட்டை அடகு வைத்து அனுப்பும் பெற்றோர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஹோம் கட்டணத்துக்குப் பொதுவான நிபந்தனைகள் மூன்று. நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது குடியுரிமையோ ஐஎல்ஆரோ (காலவரையின்றித் தங்கும் அனுமதி), கையில் இருக்க வேண்டும். படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பிரிட்டனிலேயே வசித்திருக்க வேண்டும். அப்படி வசித்தது முழுவதுமாகவோ பெரும்பாலுமோ முழுநேரப் படிப்புக்காக இருந்திருக்கக் கூடாது.

பலர் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான். ‘ஏ லெவலும் ஃபவுண்டேஷனும் இங்கேதான் படித்தேன், மூன்று வருஷம் ஆகிவிட்டது’ என்று மாணவர் விசாவில் இருப்பவர் சொன்னால் எடுபடாது. 1982இல் ஷா வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, படிப்பதற்காக வந்து தங்கியிருந்தாலும் அது வழக்கமான வசிப்புதான் என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு உடனே விதியைத் திருத்தி அந்த வாசலை அடைத்துவிட்டது.

தேதியும் கறாரானது. இலையுதிர் காலத்தில் தொடங்கும் படிப்புக்கு, வகுப்பு எப்போது ஆரம்பித்தாலும், செப்டம்பர் 1 அன்றைய நிலைதான் கணக்கு. ஐஎல்ஆர் கடிதம் செப்டம்பர் 4ஆம் தேதியிட்டு வந்தால், பெரும்பாலும் படிப்பு முடியும்வரை ஓவர்சீஸ்தான். விண்ணப்பத்தின் முடிவு இழுத்துக்கொண்டே போனால், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். ஓராண்டு போகிறதே என்று வருந்தலாம், ஆனால் மூன்றாண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது.

வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. அதைத் திறந்துவிட்டவர் ஸாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் வந்த பியூரிஷ் டிகெரே. பள்ளிப்படிப்பு முழுவதும் அங்கே முடித்தும் நிரந்தர உரிமை இல்லை என்பதால் அவருக்குக் கல்விக்கடன் மறுக்கப்பட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் விதி மாறியது: 18 வயதுக்குள் என்றால் ஏழு ஆண்டும், அதற்கு மேல் என்றால் வாழ்நாளில் பாதியோ 20 ஆண்டோ அங்கே வசித்திருந்தால், ஐஎல்ஆர் இல்லாமலும் தகுதி பெறலாம். கடைசி மூன்று ஆண்டுகள் சட்டபூர்வமாக வசித்திருக்க வேண்டும். எட்டு வயதில் வந்து இப்போது 18 ஆகும் பெண்ணுக்கு இது பொருந்தும். பன்னிரண்டு வயதில் வந்தவளுக்குப் பொருந்தாது.

இலங்கையிலிருந்து வந்து அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த மூன்றாண்டு நிபந்தனை இல்லை. புகலிட மனு இன்னும் நிலுவையில் இருப்பவரோ பொதுவாக ஓவர்சீஸ்தான். அவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் தனி உதவித்தொகை தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் ஹோம் என்று ஒப்புக்கொண்டாலே கல்விக்கடன் வந்துவிடாது. கடனை முடிவு செய்வது ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து, அது தனியாகவே ஆராயும். ஊரிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்கள் மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டையும் கணக்கில் சேருங்கள். ஓவர்சீஸ் கட்டணம் இரண்டாம் ஆண்டில் ஏறுமா, விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பதை ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, பல்கலைக்கழகத்தின் நிபந்தனைகளில் எழுத்தில் பாருங்கள். பணத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

உங்களைத் தவறாக ஓவர்சீஸ் என்று வகைப்படுத்தினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசா, கடவுச்சீட்டு முத்திரைகள், பள்ளிக் கடிதம், பெற்றோரின் பி60 (ஆண்டு வரிச் சான்று), கவுன்சில் வரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்து மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தது வசிப்பை முறிக்காது, அதை விளக்கிவிடுங்கள். யுகேசிஐஎஸ்ஏ அமைப்பு இலவசமாக ஆலோசனை தரும். சேர்ந்த பிறகு உள்முறையீடும் தோற்றால், நடைமுறை முடிந்தது என்ற கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயேச்சை அமைப்பில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.