தேதி தெரியாத திருவிழாப் பதாகை

ஆடி மாதம் நெருங்கினால் போதும், என் கைப்பேசியில் கோயில் அறிவிப்புகள் குவிந்துவிடும். "வானொலியில ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்று அனுப்புவார்கள். பெரும்பாலும் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்கள். அம்மன் படம் கண்ணைப் பறிக்கும். தேதியைத்தான் தேட வேண்டும். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பும் வந்தது. லயத்துச் சனம் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டது. அவர்களை மீண்டும் ஒன்று சேர்ப்பது அந்த ஒரு நாள் திருவிழாதான். புலனம் பார்க்காத தாத்தா பாட்டிக்குச் சாலை முனையில் தொங்கும் பதாகைதான் அழைப்பிதழ். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளித்துவிடும். நிற வேறுபாடு மங்கித் தெரியும்.

சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள்தானே, எடுப்பாகத் தெரியாதா என்று கேட்கலாம். எழுத்தைப் படிக்க வைப்பது நிறத்தைவிட வெளிச்ச வித்தியாசம்தான். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21க்கு 1. இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 கேட்கிறது. கணினியின் தூய சிவப்பை அடர்பச்சையில் வைத்தால் 1.3தான் தேறும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களின் பாடு இன்னும் மோசம்.

தமிழுக்கு இது கூடுதல் சிக்கல். ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் புள்ளியோ பின்னணியில் கரைந்தே போகும். எடுப்பாக இருக்கட்டும் என்று எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கோடு போட்டால், சுழிகளும் அடைபட்டுவிடும்.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைப் பலகைகளைப் பாருங்கள். பச்சையில் வெள்ளை எழுத்து, வேகமாகப் போகும்போதே படித்துவிடலாம்.

ஒரு கோயில் தலைவரிடம் வெள்ளையில் கறுப்பு என்றேன். "இது என்ன இரங்கல் செய்தியாம்மா?" என்றார். நியாயம்தான். மங்களமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் அடர் அரக்குச் சிவப்பில் மஞ்சள் எழுத்து இருக்கிறது. ஏறக்குறைய 10க்கு 1. அதே மஞ்சளை வெள்ளையில் வைத்தால் எழுத்தே காணாமல் போகும்.

அச்சுக்கு அனுப்பும் முன் கைப்பேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தேதி தெரிகிறதா? தெரிந்தால் அனுப்பலாம். தொடர்பு எண்ணை மட்டும் அம்மன் சேலை மேல் எழுதாதீர்கள். கீழே தனிப் பட்டையில் போடுங்கள்.