பழைய மலைச் சைக்கிளை அளந்து வாங்குவோம்

கிண்டிக்குத் தென்மேற்கே பரங்கிமலை இருக்கிறது. ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள சிறு குன்று அது. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் இந்தியாவின் பெரும் நில அளவைப் பணிக்காக, இக்குன்றை ஒட்டிய சமவெளியில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். அளப்பதற்கு அவர் பயன்படுத்தியது 100 அடி எஃகுச் சங்கிலி. வெப்பத்தால் எஃகு நீளும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையையும் அவர் குறித்துக்கொண்டார். அளவுகோலையே ஐயுற்று அளப்பது நல்ல அளவையாளரின் பழக்கம்.

மாணவ நண்பர்களே, பழைய சைக்கிள் வாங்கப் போகும்போது உங்களுக்கும் இந்தப் பழக்கம் தேவை. அங்கேயும் ஒரு சங்கிலி உங்களுக்காகக் காத்திருக்கிறது!

1990களில் நம் நாட்டில் தடித்த டயர், நேரான கைப்பிடி கொண்ட மலைச் சைக்கிள்கள் பெயர் பெற்றன. 1949 இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ நிறுவனத்தின் ரேஞ்சர் ஆகியவை அவற்றுள் சில. இன்று அத்தகைய வண்டிகளைத் தேடிப்பிடித்துச் சீர்செய்து, தமக்குள் வாங்கி விற்கும் ஆர்வலர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். குறைந்த பணத்தில் நல்ல வண்டி வேண்டும் என்று விரும்பும் மாணவருக்கும் இது ஏற்ற வழியே. ஆனால் எது நல்ல வண்டி, எது ஆபத்தான வண்டி என்று எப்படி அறிவது?

பழைய வண்டியிலிருந்து பிறந்த புது வண்டி

மலைச் சைக்கிள் பிறந்ததே பழைய வண்டியிலிருந்துதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பருமனான டயர் கொண்ட ஷ்வின் சைக்கிள்களை மலிவாக வாங்கி, மலைப்பாதையில் ஓட்டி இறங்கினார்கள். 1976 இல் இது பந்தயமாகவே ஆயிற்று. பந்தயப் பாதையின் இறக்கம் சுமார் 400 மீட்டர்.

இனி ஒரு கணக்கு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்வோம். 400 மீட்டர் உயரத்தில் நிலை ஆற்றல் 90 × 9.8 × 400 = 3,52,800 ஜூல். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது இவ்வளவு ஆற்றலும் எங்கே போயிருக்கும்? ஒரு பகுதி காற்றுக்குப் போகும். பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிடும். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 2,94,000 ஜூல் போதும் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வண்டிகளின் பிரேக் பின்சக்கரக் குடத்துக்குள் இருந்தது. சூட்டில் அதன் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும்; மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். இதனால் அப்பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைத்தல்' என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977 இல் மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் அமைத்து வண்டி செய்தார். 1981 இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது.

நம் பரங்கிமலை அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் 70 கிலோகிராம் எடை 90 மீட்டர் இறங்கினால் 61,740 ஜூல் ஆகிறது. பழைய வண்டியின் சட்டமும் சக்கரமும் பிரேக்கும் இதைத் தாங்க வேண்டும். ஆகவே பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஓர் இரும்பு டேப்பும் ஒரு நூல் உருண்டையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

சங்கிலியை அளத்தல்

சைக்கிள் சங்கிலியில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை சரியாக அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். சங்கிலியை இறுக்கமாக வைத்து அளந்து பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

சங்கிலி 'இழுத்துவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை, மூட்டுகள்தாம் தேய்கின்றன. 24 மூட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு தலைமயிரின் பருமன் அளவு தேய்ந்தாலே 1/16 அங்குலம் வந்துவிடும்.

நூல் சோதனை

சட்டம் கோணியிருக்கிறதா? பின்சக்கர அச்சு பொருந்தும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டுங்கள். அதை முன்னே கொண்டுபோய், கைப்பிடித் தண்டு நுழையும் முன்குழாயைச் சுற்றி, மறுபக்கமாகப் பின்னே கொண்டுவந்து அச்சின் அடுத்த பக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளவிடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டல்ல. அதற்கு மேலிருந்தால் பின்பகுதி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று பொருள்.

சக்கரம் பேசும்

சக்கரத்தைச் சுழற்றினால் கோட்டம் கண்ணுக்குத் தெரியும். கோட்டம் எடுப்பது கடைக்காரருக்குச் சிறு வேலை. ஆனால் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டியும் பாருங்கள். வீணைத் தந்தியைப் போல, இழுவிசை கூடினால் சுருதி கூடும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். (பின்சக்கரத்தில் பற்சக்கரம் உள்ள வலப்பக்கத்துக் கம்பிகள் அதிக இறுக்கமாக இருப்பது இயல்பு.) 'டப்' என்று மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பிறகு ரிம்மின் பக்கச்சுவரில் ஓர் அளவுகோலின் விளிம்பை வையுங்கள். நடுவில் குழி தெரிந்தால் பிரேக் கட்டைகள் அதை அரித்துவிட்டன. அந்த ரிம் வேண்டாம்.

டயரிலும் ஒரு பொறி உண்டு. மலைச் சைக்கிளின் 26 × 1.95 டயர் 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு உரியது. சாதாரண வண்டியின் 26 × 1 3/8 டயரோ 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. இரண்டிலும் '26' என்றே எழுதியிருக்கும். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது!

பழைய பெயிண்ட் சொல்லும் சாட்சி

ஓர் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளையுங்கள். ஒரே வளைவில் முறியாத கம்பி, பல வளைவுகளுக்குப் பின் முறிகிறது. இதுவே உலோகக் களைப்பு. எஃகில் தகைவு ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் களைப்பு பெரும்பாலும் தோன்றுவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான எல்லை கிடையாது. ஆகவே பழைய அலுமினியச் சட்டத்தை இரட்டிப்புக் கவனத்துடன் பாருங்கள்.

முன்குழாயும் சாய்குழாயும் சேரும் இடத்தில் பெயிண்ட் சுருங்கியிருந்தால், வண்டி எதிலோ மோதியிருக்கிறது. மயிரிழை போன்ற கோடும், அதில் துருவின் நிறமும் தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். ஆர்வலர்கள் புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட, கீறல் விழுந்த பழைய பெயிண்ட் உள்ள வண்டிக்கு அதிக விலை தருவது ஏன் என்று இப்போது ஓரளவு விளங்குகிறதா? பழைமையின் மேலுள்ள ஆசை மட்டும் அதற்குக் காரணமில்லை. பழைய பெயிண்ட் உண்மையைச் சொல்லும். புதுப் பெயிண்ட் அதை மறைக்கக்கூடும்.

சென்னையில் இன்னொரு சோதனையும் தேவை. இருக்கைத் தண்டைத் தளர்த்தித் திருப்பிப் பாருங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு. இடையே கடற்காற்றின் உப்பு ஈரம். இது ஒரு சிறு மின்கலமேயாகும்! அலுமினியம் அரிக்கப்பட்டு, விளைந்த பொருள் உப்பித் தண்டை இறுக்கிவிடும். பல ஆண்டுகள் அசைக்கப்படாத தண்டு, கழற்றவே முடியாதபடி சிக்கிக்கொள்வதுண்டு.

விலை என்ன?

விலையும் ஒரு கணக்குதான். அதே வகை வண்டி நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். மாற்ற வேண்டிய சங்கிலி, பற்சக்கரம், டயர், பிரேக் கட்டை ஆகியவற்றின் விலையையும் கூலியையும் கூட்டி, அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதே நீங்கள் கேட்கத்தக்க விலை. ஆனால் சட்டத்தில் விரிசல் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த வண்டியை இலவசமாகத் தந்தாலும் ஓட்டக்கூடாது. சட்டத்தில் பொறித்த எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், விலகிவிடுங்கள்.

நாளை நீங்களே உங்கள் வண்டியை விற்கலாம். அப்போது சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, வாங்குபவரிடம் கொடுங்கள். அவர் அதை நம்ப வேண்டியதில்லை. தாமே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுச் சைக்கிளின் சங்கிலியில் 24 இடைவெளிகளை மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து சராசரி காணுங்கள். மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன்?