சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள்

வளைவில் வேகமாகத் திரும்பும் காரைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் உடல் வளைவின் வெளிப்புறமாகச் சாயும். உடலோடு சக்கரங்களும் சேர்ந்து சாய்ந்தால் என்ன ஆகும்? டயரின் முழு அகலமும் தரையில் படியாது. பிடிப்புக் குறைந்து கார் வழுக்கும். பந்தயக் காரில் இதைத் தடுப்பவை சஸ்பென்ஷன் கைகள்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை உண்டு. இரண்டு எஃகுக் குழாய்களை ஆங்கில 'ஏ' எழுத்துப் போல இணைத்துக் கையைச் செய்கிறார்கள். அதன் விரிந்த பக்கம் காரின் சட்டத்தில் கீல் போலப் பொருந்தியிருக்கும். கூர்முனை சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு இணையும். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது, கைகள் கதவைப் போல ஆடும்.

இவற்றைக் கடையில் வாங்கிப் பொருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். காரின் எடை, அகலம், டயர் ஆகியவை மாறினால் கையின் நீளமும் மாற வேண்டும். ஆகவே புதிய பந்தயக் காருக்குக் கைகளையும் புதிதாகவே வடிவமைக்கிறார்கள். பொறியியல் மாணவர்களும் இதைச் செய்கிறார்கள். அவர்களே வடிவமைத்துச் செய்த சிறு பந்தயக் கார்களுக்காக அமெரிக்காவில் 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' என்ற போட்டி தொடங்கியது. அதே வகையான 'ஃபார்முலா பாரத்' போட்டி 2019 இல் கோவைக்கு அருகே காரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடந்தது.

முதல் கேள்வி, கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஒரு சோதனை செய்யுங்கள். அட்டையில் 12 செ.மீ., 8 செ.மீ. நீளமுள்ள இரு பட்டைகளை வெட்டுங்கள். சுவரில் மாட்டும் பலகை ஒன்றில், 5 செ.மீ. இடைவெளியில் நீளமானதைக் கீழேயும் குட்டையானதை மேலேயும் படுக்கையாக வைத்து, ஒரு முனையில் மட்டும் குண்டூசி குத்துங்கள். மறுமுனைகளை 'சக்கரம்' என்னும் நிமிர்ந்த அட்டைத் துண்டோடு, அதே 5 செ.மீ. இடைவெளியில் குண்டூசியால் இணையுங்கள். இப்போது சக்கரத்தை மேலே தூக்குங்கள். அதன் உச்சி உள்பக்கமாகச் சாய்கிறதல்லவா? குட்டைக் கை சிறிய வட்டத்தில் சுழல்வதால், உச்சியை அதிகமாக உள்ளே இழுக்கிறது. காரின் உடல் வெளியே சாய்வதை இது ஈடு செய்கிறது. ஆனால் மேல் கையை மிகவும் குட்டையாக்கினால் தீமையும் உண்டு. நேர்ப் பாதையில் பிரேக் போட்டுக் காரின் முன்பக்கம் தாழும்போதும் சக்கரம் உள்ளே சாய்ந்துவிடும். நன்மை தீமைகளை எடைபோட்டே நீளத்தை முடிவு செய்கிறார்கள்.

அடுத்த கேள்வி, கை எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? திரும்பும்போது வெளிப்பக்க டயரைத் தரை 2000 நியூட்டன் விசையுடன் உள்நோக்கித் தள்ளுவதாகக் கொள்வோம். கீழ் மூட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், மேல் மூட்டு 35 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். மற்ற விசைகளை இப்போது விட்டுவிடுவோம். நெம்புகோல் விதிப்படி, கீழ்க் கையில் 2000 × 35 ÷ 20 = 3500 நியூட்டன் அமுக்கவிசை ஏற்படும். மேல் கையிலோ 2000 × 15 ÷ 20 = 1500 நியூட்டன் இழுவிசை! தரை தந்த விசையைவிடக் கீழ்க் கை தாங்கும் விசை அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

அமுக்கவிசை தந்திரமானது. ஒரு தென்னை ஈர்க்கை இழுத்து அறுப்பது கடினம். அதையே நுனியிலிருந்து அமுக்கினால் உடனே வில்லாக வளையும். பாதியாக ஒடித்து அமுக்கிப் பாருங்கள், வளைக்க அதிக பலம் வேண்டும். நீளம் இரு மடங்கானால் வளையாமல் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகும் என்பதை 1744 இல் ஆய்லர் என்ற கணித மேதை தந்த சூத்திரம் சொல்கிறது. இதற்காகக் கனமான கம்பியைப் போட்டால் எடை கூடும். சக்கரம் மேடு பள்ளத்தைத் தொடர்ந்து செல்லத் திணறும். மூங்கிலைப் போல உள்ளே வெற்றிடமுள்ள குழாய் இரண்டு குறைகளையும் தீர்க்கிறது.

கடைசியாக மூட்டு. முனையில் மரையிட்ட தண்டும் உருளும் குண்டும் கொண்ட மூட்டை, கையின் கூர்முனையில் திருகிவிடுவது எளிய வழி. நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதி. ஆனால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல் மரைத் தண்டைப் பக்கவாட்டில் வளைக்கும். துணிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்ட பிறகே கிழிக்கிறார். விசை முழுவதும் அந்த வெட்டின் முனையில் குவிவதால் துணி சுலபமாகக் கிழிகிறது. மரையின் ஒவ்வொரு பள்ளமும் அத்தகைய வெட்டுத்தான்! விரிசல் அங்கே தொடங்கும். தண்டு முறிந்தால், வேகமாக ஓடும் காரில் சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து. எனவே கூர்முனையில் மரைத் தண்டுக்குப் பதில், குண்டு மூட்டைத் தடித்த எஃகு வளையத்துக்குள் பதித்து, வளையத்தைக் குழாய்களோடு பற்றவைக்கிறார்கள். சாய்வைத் திருத்த, சக்கரம் தாங்கும் பாகத்தில் மெல்லிய தகடுகளைச் செருகுகிறார்கள். மரைத் தண்டுகளைச் சட்டத்தின் பக்கம் பொருத்தலாம். அங்கே விசை குழாயின் நீளவாக்கில் மட்டுமே செல்லும்படி அமைக்க முடியும்.

உங்கள் சைக்கிளைச் சற்று உற்றுப் பாருங்கள். நீங்கள் ஏறி அமரும்போது அதன் சட்டத்தில் எந்தக் குழாய் அமுங்குகிறது, எந்தக் குழாய் இழுபடுகிறது? ஈர்க்குகளையும் நூலையும் கொண்டு மாதிரி செய்து விடையைக் கண்டுபிடியுங்கள்!