டால்பினை எண்ணப் பணம் கொடுப்பது யார்?
நண்டு விற்க வேண்டுமானால் கடலில் கணக்கெடுக்க வேண்டுமாம்!

சென்னை -

காசிமேட்டில் விடியற்காலை ஏலம். கணவாய் ஒரு பக்கம், வாளை ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம். ஐஸ் பெட்டி, கூச்சல், பேரம். அந்த நேரத்தில் அங்கே போய், "இந்த நண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டுமானால் டால்பின் சம்மதிக்க வேண்டும்" என்று சொன்னால், "போய்யா, வேலையைப் பாரு" என்பார்கள்.

ஆனால் விஷயம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

இதன் விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. திமிங்கிலம், டால்பின், கடல் சிங்கம் முதலிய பாலூட்டிகளைக் காப்பாற்றும் சட்டம். மீன் வலையில் இவை சிக்கிச் சாவதைக் குறைக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

அமெரிக்க மீனவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு, வெளிநாட்டுக்காரர்களுக்கு இல்லையா என்று கேள்வி எழுந்தது. 2016-ல் புது விதி போட்டார்கள். கடலில் பிடித்த மீனை அமெரிக்காவில் விற்கும் எந்த நாடும் கணக்குக் காட்ட வேண்டும். உன் கடலில் டால்பின் எத்தனை? வலையில் சாவது எத்தனை? அதைத் தடுக்க நீ செய்தது என்ன?

பதில் சரியில்லை என்றால் சரக்கு இறங்காது!

முதலில் ஐந்து ஆண்டு தவணை கொடுத்தார்கள். பிறகு தவணை மேல் தவணை. கடைசியில் 2026 ஜனவரி 1 என்று கெடு விழுந்தது.

ஆமையால் பட்ட அடி

நம் ஏற்றுமதி வியாபாரிகளுக்கு இது முதல் பாடம் அல்ல. ஏற்கெனவே ஆமையால் அடிபட்டவர்கள்.

இழுவை வலையில் மாட்டும் ஆமை தப்பிப் போக வழி வைத்த கருவி இல்லை என்ற காரணத்துக்காக, இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா 2018-ல் கதவைச் சாத்தியது. குளத்தில் வளர்க்கும் இறால் மட்டும் தொடர்ந்து போனது.

2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டுமே 40,013 கோடி. அதிகம் வாங்கியது அமெரிக்கா. குளத்து இறாலுக்கும் டால்பினுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் கணவாய், வாளை, மண்டபம் பக்கத்து நீலக்கால் நண்டு எல்லாம் கடல் சரக்கு. ஆமைக்கு ஆனதே டால்பினுக்கும் ஆனால்?

ஆகவே எண்ணும் வேலை தொடங்கியது.

மூன்று பேர் கூட்டு

கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஏற்பாடு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விஞ்ஞானம். இந்திய மீன்வள ஆய்வகம் கப்பல். பணம், பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இருந்து. ஆராய்ச்சி நிலையத்துக்கு சாந்தோம் நெடுஞ்சாலையிலும், ஆய்வகத்துக்கு ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்திலும் கிளை இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகும் பலருக்கு உள்ளே இப்படி ஒரு வேலை உண்டு என்பதே தெரியாது.

டால்பினை எண்ணுவது ஆட்டு மந்தையை எண்ணுவது போல் அல்ல. கப்பல் ஒரே வேகத்தில், நேர்கோட்டில் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டும். முதுகு தெரிந்ததும், எந்தக் கோணம், எவ்வளவு தூரம், எத்தனை உருப்படி என்று எழுத வேண்டும். பிறகு அதை வைத்து, பார்க்காமல் விட்டவை எத்தனை என்று கணக்குப் போட வேண்டும்.

அலை அடித்தால் ஒன்றும் தெரியாது. பெரிய தலைத் திமிங்கிலம் மூழ்கினால் ஒரு மணி நேரம் கூட உள்ளேயே இருக்கும். கப்பல் தாண்டிப் போன பிறகு மேலே வந்து மூச்சு விடும்!

இப்படியாக 18 இனங்களின் கணக்குத் தயாரானது. 2025-ல் அமெரிக்கா இந்திய மீன்பிடிப்புக்குப் பச்சைக்கொடி காட்டியது. நான்கு ஆண்டுக்குச் செல்லும். அதே ஆண்டில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாடுகளின் நண்டுக்கு "இல்லை" என்று பதில் போனது. நம் வியாபாரிகள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

ஓசிப் பயணம்

அதற்கு முன் யாரும் எண்ணவில்லையா? எண்ணினார்கள். டென்மார்க்கில் கட்டப்பட்டு 1984-ல் வந்த "சாகர் சம்பதா" என்ற ஆராய்ச்சிக் கப்பல் உண்டு. 2003 முதல் சில ஆண்டுகள், மத்திய கடல் துறையின் பணத்தில், டால்பின் பார்க்கும் ஆட்கள் அதில் ஏறிப் போனார்கள். ஆனால் கப்பல் போனது வேறு ஆராய்ச்சிக்கு. அது போகிற வழியில் கண்ணில் பட்டதுதான் கணக்கு. ஓசிப் பயணத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்த மாதிரி!

திமிங்கில ஆராய்ச்சிக்குப் பணம் இப்படிச் சுற்றி வளைத்து வருவது புதிது அல்ல. 1925-ல் இங்கிலாந்து, "டிஸ்கவரி" என்ற கப்பலைத் தென் கடலுக்கு அனுப்பித் திமிங்கில ஆராய்ச்சி தொடங்கியது. செலவுக்குப் பணம்? திமிங்கில எண்ணெய் மீது போட்ட வரி! திமிங்கிலத்தின் உடம்பில் எண் போட்ட எஃகுக் குழாயைச் சுட்டுப் பதித்தார்கள். அதை வெட்டும்போது குழாயைக் கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு பவுன் பரிசு. எவ்வளவு அதிகம் கொன்றார்களோ, அவ்வளவு அதிகம் ஆராய்ச்சி.

பக்கத்துத் திருகோணமலையில் கதை வேறு. சீஷெல்ஸ் நாடு யோசனை சொல்லி, 1979-ல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. கொல்லக் கூடாது என்றாகி விட்டது. இனி உயிரோடு எப்படி ஆராய்வது? ஹாலந்து மக்கள் உலக வனவிலங்கு நிதிக்குக் கொடுத்த நன்கொடையில் "டூலிப்" என்ற சிறு பாய்மரப் படகு வந்தது. நீளம் 10 மீட்டர்தான். ஹால் வைட்ஹெட் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 1982 முதல் திருகோணமலைக் கடலில் திமிங்கிலத்தின் பின்னாலேயே போனார்கள். தண்ணீருக்குள் மைக்கை இறக்கிச் சத்தம் கேட்டார்கள். வாலைப் படம் பிடித்து ஆளை அடையாளம் கண்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை!

பாக் நீரிணையில் ஆவுளியாவுக்கு வந்த பணம் இன்னும் விசித்திரம். காட்டை வேறு காரியத்துக்கு எடுப்பவர்கள் கட்டும் நஷ்ட ஈட்டு நிதியில் இருந்து, டேராடூன் வனவிலங்கு நிறுவனம் வழியாகக் கடல் பசுவுக்கு வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கிடைத்தது.

வாயைத் திறப்பானா?

சரி, எண்ணியாகி விட்டது. வலையில் சாவது எத்தனை? அங்கேதான் சிக்கல்.

நம் வனவிலங்குச் சட்டத்தில் டால்பின் முதல் அட்டவணை. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். வேண்டுமென்று யாரும் ஓங்கிலைப் பிடிப்பதில்லை. செவுள் வலையில் இரவில் வந்து மாட்டிச் சாகிறது. வலையும் கிழிகிறது. அதைக் கரைக்குக் கொண்டு வந்து, "சார், எழுதிக்குங்க" என்று சொல்ல எந்த மீனவனுக்குத் துணிச்சல் வரும்? நடுக்கடலிலேயே அறுத்து விட்டு வந்து விடுகிறான். எழுதினால் தண்டனை இல்லை என்று அவன் நம்பும்படி செய்யாதவரை கணக்கில் ஓட்டைதான்.

பணம் கொடுப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் ஆராய்ச்சியில் பதில் கிடைக்கிறது. வியாபாரி கேட்டது எண்ணிக்கை. அது கிடைத்து விட்டது. கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு.

1973 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. தூத்துக்குடி விஞ்ஞானிகள் ஓடிப் போய் அளந்தார்கள், எழுதி வைத்தார்கள். 43 ஆண்டு கழித்து, 2016-ல், அதே ஜனவரி மாதம், அதே கரை. எண்பது திமிங்கிலங்கள் வரை மணலில் கிடந்தன. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கொண்டு போய் ஆழக் கடலில் விட்டார்கள். விட்டதில் சில, திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் செத்துப் போயின. கரையிலேயே பெரிய குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஏன் வந்தன? வழி காட்டும் தலைவன் தவறியதா, கடலுக்குள் ஏதாவது சத்தமா, நோயா என்று பல யூகங்கள். உறுதியான பதில் மட்டும் வரவில்லை.