பாட்டாவின் சுருட்டு

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைந்த புகையிலை ஒரு காலத்திலே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. அந்தக் காசிற் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அப்பயிரைப் பழிக்க நாக் கூசத்தான் செய்கின்றது. ஆயினும், பாட்டாவுக்குச் சுருட்டு வாங்கச் சந்திக் கடைக்கு ஓடியவர்கள் நாமல்லவா? அடுப்பிற் கொள்ளி எடுத்துக் கொடுத்தவர்களும் நாமே.

21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. அது கடைக்காரரைப் பிடிக்கும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீட்டை யார் கேட்பது?

இன்று மின்சிகரெட் எழுதுகோல் வடிவிற் புத்தகப்பைக்குள் ஒளிகின்றது. கமழ்வது பழவாசனை, உள்ளே பெரும்பாலும் அதே நிக்கொட்டின். வளரும் மூளையை அது விரைவில் வசப்படுத்துகின்றது. வாசனையை நம்பி ஆசிரியர் ஏமாறலாம். மதிலுக்கு அப்பால் நின்று புகைத்துவிட்டு வகுப்புக்கு வரும் ஆசிரியரின் சட்டை மணத்தையோ மாணவன் நன்கறிவான்.