ஒரு மரம்... இரண்டு மசாலா! ஜாதிக்காயை அளவோடு சேர்ப்பது எப்படி?

புதுச்சேரியின் பிரெஞ்சு உணவகங்களில் 'பெஷமெல்' என்ற வெள்ளை சாஸ் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதில் லேசாக ஒரு இனிப்பு வாசனை வரும். வேறொன்றுமில்லை... நம் வீட்டு பிரியாணி மசாலாவில் சேரும் அதே ஜாதிக்காய்தான்!

இந்தக் காய்க்காக ரத்தமே சிந்தப்பட்டிருக்கிறது. இதன் தாயகம் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். 1621-ல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவு மக்களைக் கொன்று குவித்து, வணிகத்தை மொத்தமாகக் கைப்பற்றினார்கள். அந்தப் பிடியை உடைத்தவர் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 'புவாவ்ர்' என்றால் பிரெஞ்சில் மிளகு! கடற்போரில் ஒரு கையை இழந்தவர், புதுச்சேரிக்கும் வந்துபோனவர். மொரீஷியஸ் தீவின் நிர்வாகியாக இருந்தபோது, 1770-ல் ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளை ரகசியமாக அங்கே வரவழைத்தார்.

எப்போதும் பசுமையாக இருக்கும் இந்த மரத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அதனால் புதுச்சேரியின் வெயிலில் வளர்ப்பது கஷ்டம். தமிழகத்தில் குற்றாலம், பர்லியாறு, கன்னியாகுமரி மலைப்பகுதிகளில் வளர்கிறது. ஆண், பெண் மரங்கள் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால், பூக்கும்வரை எது பெண் மரம் என்று தெரியாது. அதனால்தான் விவசாயிகள் ஒட்டுக்கன்றுகளை விரும்புகிறார்கள்.

பழம் வெடித்ததும் விதையைச் சுற்றிச் சிவப்பு வலைபோலத் தெரிவது ஜாதிபத்திரி. உள்ளே ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு ஜாதிக்காய். சதைப்பற்றான மேல்தோலும் வீணாகாது. ஊறுகாய், ஜாம் செய்யலாம்.

சமையலில் எப்படிச் சேர்ப்பது?

* பொடியாக வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். தேவைப்படும்போது மட்டும் துருவினால் மணம் போகாது.
* பாயசம், லட்டு, பாதாம் பால் எதுவானாலும் ஒரு சிட்டிகை போதும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேருங்கள்.
* குருமா, பிரியாணிக்கு ஜாதிபத்திரியில் ஒரு சிறு இதழை எண்ணெயில் தாளியுங்கள்.

அளவு மிக முக்கியம். ஒன்றிரண்டு டீஸ்பூன் பொடியை மொத்தமாகச் சாப்பிட்டால் வாந்தி, தலைச்சுற்றல், படபடப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் இதற்கு முக்கியக் காரணம். 'குழந்தை நன்றாகத் தூங்கும்' என்று பச்சிளம் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. கல்லில் உரசும்போது எவ்வளவு கரைகிறது என்று கணக்கிட முடியாது. எனவே, டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும் மருந்துபோல இதைச் சாப்பிடக் கூடாது.

மசாலா டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்!